கதவுக்கு வெளியே நிற்கும் மருத்துவர்: 'தகுதி' எதை அளக்கிறது?

(மருத்துவ, செவிலிய மாணவர்களும் ஆய்வு மாணவர்களும் கலந்துகொண்ட வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் கூட்டங்களில் அடிக்கடி அடிபடும் சொல் 'தகுதி'. இட ஒதுக்கீடு என்று நாம் வாயைத் திறந்தாலே எதிரில் இருப்பவர் இந்தச் சொல்லைத்தான் எடுத்துப் போடுகிறார். "தகுதி இல்லாத டாக்டரிடம் நீ வைத்தியம் பார்த்துக்கொள்வாயா?" என்ற கேள்வியைக் கேட்காதவர்கள் இந்த அறையில் யாரும் இருக்க மாட்டீர்கள். இன்று அதே சொல்லை வேறொரு நாட்டில் வைத்துப் பார்ப்போம். ஒரு நாட்டில் மருத்துவராகவோ செவிலியராகவோ இருந்தவர் இன்னொரு நாட்டுக்குப் போகிறார். அகதியாகப் போகலாம், வேலை தேடிப் போகலாம். அங்கே அவருடைய தகுதியை அளப்பது யார்? எதை வைத்து அளக்கிறார்கள்? அவரை உள்ளே கொண்டுவர என்ன செய்தால் பலன் கிடைக்கிறது?

என் ஆய்வு செவிலியர் புலம்பெயர்வு பற்றியது. அதனால் எனக்குக் கொஞ்சம் தெரிந்த பிரிட்டனை எடுத்துக்கொள்கிறேன். உங்களில் பலர் நாளை போக நினைக்கும் நாடும் அதுதான்.

முதலில் 1938. அந்த ஆண்டு மார்ச் மாதம் ஹிட்லரின் ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்கியது. வியன்னா நகரின் மருத்துவர்களில் பெரும் பகுதியினர் யூதர்கள். செப்டம்பர் 30ஆம் தேதியோடு யூத மருத்துவர்களின் உரிமங்கள் ரத்தாயின. மிகச் சிலருக்கு மட்டும் யூத நோயாளிகளைப் பார்க்க அனுமதி தந்தார்கள். அவர்களும் 'மருத்துவர்' என்று சொல்லிக்கொள்ளக் கூடாது, 'நோயாளிகளைக் கவனிப்பவர்' என்றுதான் பலகை மாட்ட வேண்டும். ஒருவரின் படிப்பைப் பிடுங்க முடியாது. அதனால் பட்டத்தைப் பிடுங்கினார்கள்.

தப்பித்தவர்களில் பலர் பிரிட்டன் போகப் பார்த்தார்கள். அன்று உலக மருத்துவத்தின் தலைநகரங்களில் ஒன்று வியன்னா. பிரிட்டனிலிருந்தே மருத்துவர்கள் மேற்படிப்புக்காக அங்கே போவதுண்டு. ஆனாலும் பிரிட்டிஷ் மருத்துவர் சங்கம் கடுமையாக எதிர்த்தது. கடைசியில் ஐம்பது ஆஸ்திரிய மருத்துவர்களை மட்டும் ஏற்றுக்கொண்டார்கள். அவர்களும் இரண்டு ஆண்டுகள் மறுபடியும் மருத்துவமனைப் பயிற்சி பெற வேண்டும் என்பது நிபந்தனை. அதே காலத்தில் ஆயிரக்கணக்கான யூதப் பெண்கள் வீட்டு வேலைக்கான அனுமதியில் பிரிட்டனுக்குள் வந்தார்கள். சமையற்கட்டில் வேலைக்கு ஆள் தேவைப்பட்டது, அந்தக் கதவு அகலமாகத் திறந்திருந்தது. மருத்துவமனைக் கதவு ஒரு விரல் அளவுதான் திறந்தது.

அடுத்து 1941. போர் தீவிரமாகி, பிரிட்டிஷ் மருத்துவர்கள் படையோடு போய்விட்டார்கள். உள்நாட்டு மருத்துவமனைகளில் ஆள் இல்லை. உடனே வெளிநாட்டு மருத்துவர்களுக்குத் தற்காலிகப் பதிவு கொடுக்கும் ஆணை வந்தது. 1938இல் வேண்டாதவர்களாக இருந்தவர்கள் 1941இல் வேண்டியவர்கள் ஆனார்கள். இந்த மூன்று ஆண்டுகளில் அவர்களுடைய மருத்துவ அறிவு மாறிவிட்டதா? வேலை செய்யாமல் இருந்ததால் கொஞ்சம் மழுங்கிப் போயிருக்கலாம், அவ்வளவுதான். மாறியது நாட்டின் தேவை.

ஒரே ஒரு மனிதரைச் சொல்கிறேன். லுட்விக் குட்மன், ஜெர்மனியின் நரம்பியல் அறுவை மருத்துவர், யூதர். 1939இல் குடும்பத்தோடு ஆக்ஸ்ஃபோர்டு வந்து சேர்ந்தார். அகதி அறிஞர்களுக்கு உதவ 1933இலேயே பிரிட்டனில் தொடங்கப்பட்டிருந்த அமைப்பு ஒன்று அவருக்குக் கைகொடுத்தது. ஆனால் தொடக்கத்தில் நோயாளிகளைத் தொட அனுமதி இல்லை, ஆராய்ச்சி மட்டும். போரில் முதுகுத்தண்டு அடிபட்ட வீரர்கள் குவியத் தொடங்கியபோதுதான் அரசு அவரைத் தேடியது. 1944இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டு காயப் பிரிவை அவரிடம் ஒப்படைத்தது. அப்படி அடிபட்டவர்கள் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் செத்துப்போவார்கள் என்று மருத்துவமே கைவிட்டிருந்த காலம் அது. குட்மன் அவர்களைப் புரட்டிப் போட்டுப் படுக்க வைத்தார், உட்கார வைத்தார், வில்லைக் கையில் கொடுத்தார். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் இருந்த 16 பேரை வைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினார். இன்றைய பாராலிம்பிக் அங்கிருந்துதான் வளர்ந்தது.

குட்மன் பெரிய மேதை, அதனால் கதவைத் திறந்திருக்க வேண்டும் என்று சொல்ல நான் இந்தக் கதையை எடுக்கவில்லை. நாட்டின் தேவை ஏறி இறங்குவதற்கு ஏற்பத் தகுதியும் ஏறி இறங்கினால், அங்கே வேறு எதையோ அளக்கிறார்கள் என்று பொருள். அதைச் சொல்லத்தான் இந்தக் கதை.

இப்போது 1948க்கு வருவோம். அந்த ஆண்டு ஜூலை 5ஆம் தேதி பிரிட்டனின் தேசிய நலச் சேவை, என்.எச்.எஸ்., தொடங்கியது. கையில் காசு இல்லாதவருக்கும் மருத்துவம் என்ற மகத்தான திட்டம். அதை நடத்த ஆள் வேண்டுமே? கரீபியத் தீவுகளிலிருந்து செவிலியர்கள் வந்தார்கள். இந்தியா, பாகிஸ்தான், இலங்கையிலிருந்து மருத்துவர்கள் வந்தார்கள். 1968இல் குடியேறிகளுக்கு எதிராக வெறுப்பைக் கொட்டிய இனவாத உரைக்காக இன்றும் நினைக்கப்படும் ஈனோக் பவல், 1960 முதல் 1963 வரை சுகாதாரத் துறை அமைச்சர். அவர் அமைச்சராக இருந்த காலத்திலும் வெளிநாட்டு மருத்துவர்களையும் செவிலியர்களையும் நம்பித்தான் அந்த மருத்துவமனைகள் ஓடின.

வந்தவர்களை எங்கே நிறுத்தினார்கள் என்று பாருங்கள். இருதய அறுவைச் சிகிச்சை, பெரிய போதனா மருத்துவமனை, லண்டனின் வசதியான பகுதிகள் எல்லாம் உள்ளூர்க்காரர்களுக்கு. முதியோர் மருத்துவம், மனநல மருத்துவம், வேல்ஸின் நிலக்கரிச் சுரங்கப் பள்ளத்தாக்குகள், ஏழைத் தொழிலாளர்கள் வாழும் நகரப் பகுதிகள் எல்லாம் தெற்காசியர்களுக்கு. வயதானவர்களைப் பார்ப்பது மதிப்புக் குறைந்த வேலை என்று உள்ளூர் மருத்துவர்கள் ஒதுங்கிய காலத்தில், முதியோர் மருத்துவம் என்ற துறையையே தோளில் சுமந்து வளர்த்தவர்களில் பெரும் பங்கு தெற்காசிய மருத்துவர்களுக்கு உண்டு.

செவிலியர்களுக்கு இன்னும் நேரடியான ஏணி வைத்தார்கள். அப்போது இரண்டு வகைப் பயிற்சி இருந்தது. மூன்றாண்டுப் பயிற்சி முடித்தால் பதிவு பெற்ற செவிலியர். இரண்டாண்டுப் பயிற்சி முடித்தால் அதற்குக் கீழே இன்னொரு நிலை. கரீபியப் பெண்கள் பலரை இந்த இரண்டாம் வகைக்குத்தான் தள்ளினார்கள். வித்தியாசம் என்னவென்று பலருக்கு யாரும் சொல்லவே இல்லை. அந்தச் சான்றிதழுக்குப் பதவி உயர்வு இல்லை. ஊருக்குத் திரும்பினால் அங்கே மதிப்பும் இல்லை.

தோழர்களே, இதைக் கேட்டதும் உங்களுக்கு வேறொன்று நினைவுக்கு வந்திருக்கும். உழைப்பைப் பிரிப்பது வேறு, உழைப்பவர்களைப் பிரிப்பது வேறு என்று அம்பேத்கர் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். இனவெறியும் சாதியும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. சாதிக்கு மதத்தின் ஒப்புதல் உண்டு, அகமணம் உண்டு, ஊரும் சேரியும் உண்டு. ஆனால் யாரும் தொட விரும்பாத வேலையை யாருக்குக் கொடுப்பது என்று ஒரு சமூகம் முடிவெடுக்கும் முறையில் இரண்டுக்கும் ஒற்றுமை இருக்கிறது. அப்படி முடிவெடுத்துவிட்டு, பிறகு அதைத் 'தகுதி' என்று அழைப்பதிலும் ஒற்றுமை இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி வரும். அப்படியானால் தேர்வே வேண்டாமா? யார் வந்தாலும் மருத்துவம் பார்க்க விட்டுவிடலாமா?

கூடாது. அரசு மருத்துவமனையின் வரிசையில் நிற்கும் நம் அம்மாவுக்கும் பாதுகாப்பான மருத்துவர்தான் வேண்டும். மருந்தின் அளவு தெரியாதவர், நோயாளி சொல்வது புரியாதவர் கையில் யார் உயிரையும் கொடுக்க முடியாது. சரியான தேர்வு ஏழை நோயாளிக்குத்தான் அதிகம் தேவை. பணக்காரர் நல்ல மருத்துவரைத் தேடிப் போய்விடுவார், ஏழைக்குக் கிடைப்பவர்தான் மருத்துவர். அதனால் தேர்வு இருக்கட்டும். அது மருத்துவத்தை அளக்கட்டும்.

பிரிட்டனில் 1975இல் வெளிநாட்டு மருத்துவர்களின் மொழியையும் மருத்துவ அறிவையும் சோதிக்கும் தேர்வு வந்தது. அதுதான் இன்று பிளாப் என்ற பெயரில் நடக்கிறது. இரண்டு பகுதிகள். முதல் பகுதி 180 கேள்விகள், மூன்று மணி நேரம். அதைப் பல நாடுகளில் எழுதலாம். இரண்டாம் பகுதி செய்முறை. நோயாளியாக நடிப்பவரிடம் பேசி, பரிசோதித்து, முடிவு சொல்ல வேண்டும். அது மான்செஸ்டரில் மட்டும்தான் நடக்கிறது. கட்டணம் ஆயிரம் பவுண்டை ஒட்டி வரும், விசா, விமானம், தங்குமிடம் தனி. இதற்கெல்லாம் முன்னால் ஆங்கிலத் தேர்வு. ஐ.இ.எல்.டி.எஸ். என்றால் மொத்தத்தில் 7.5, எந்தப் பிரிவிலும் 7க்குக் குறையக் கூடாது. அந்த மதிப்பெண்ணுக்குப் பொதுவாக இரண்டு ஆண்டுதான் ஆயுள். மற்றவை தள்ளிப்போய் அது காலாவதியானால் மறுபடியும் பணம் கட்டி எழுத வேண்டும்.

இத்தனையும் தாண்டி உள்ளே போனால் சமமாக நடத்துகிறார்களா? 1993இல் அனீஸ் இஸ்மாயில், சாம் எவரிங்டன் என்ற இரண்டு மருத்துவர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே வயது, ஒரே படிப்பு, ஒரே அனுபவம் கொண்ட போலி விண்ணப்பங்களைத் தயார் செய்து மருத்துவமனை வேலைகளுக்கு அனுப்பினார்கள். எல்லா விண்ணப்பதாரர்களும் பிரிட்டனிலேயே படித்தவர்கள் என்றுதான் எழுதியிருந்தார்கள். பெயர் மட்டும்தான் வேறு. பாதி ஆங்கிலப் பெயர்கள், பாதி ஆசியப் பெயர்கள். ஆங்கிலப் பெயர்களுக்கு நேர்முகத் தேர்வு வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு கிடைத்தது. பாகுபாட்டை வெளியே கொண்டுவந்த இந்த இருவரையும்தான் போலீஸ் மோசடிக் குற்றச்சாட்டில் பிடித்தது. 'வெளிநாட்டுப் படிப்பு தரம் குறைவு' என்ற வாதம் இந்தச் சோதனையில் உடைந்துபோகிறது. இங்கே வெளிநாட்டுப் படிப்பே இல்லை. இருந்தது பெயர் மட்டும்தான். நம் ஊரில் பெயருக்குப் பின்னாலும் அப்பா பெயருக்குப் பின்னாலும் எதைத் தேடுகிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதே இஸ்மாயில் 2013இல் கிறிஸ் ராபர்ட்ஸுடன் சேர்ந்து, பொது மருத்துவர் ஆவதற்கான செய்முறைத் தேர்வின் முடிவுகளை ஆராய்ந்தார். வெளிநாட்டில் படித்த சிறுபான்மை இன மருத்துவர்கள் முதல் முயற்சியில் தோற்கும் வாய்ப்பு, பிரிட்டனில் படித்த வெள்ளையரைவிடச் சுமார் 14 மடங்கு. அவர்களுக்கு மொழியும் பழக்கமும் புதியவை என்று காரணம் சொல்லலாம். ஆனால் பிரிட்டனிலேயே படித்த சிறுபான்மை இனத்தவருக்கும் அந்த வாய்ப்பு மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. அதற்கு என்ன காரணம் சொல்வது? இந்திய வம்சாவளி மருத்துவர்களின் சங்கம் வழக்குப் போட்டது. 2014இல் உயர் நீதிமன்றம் தேர்வு சட்டவிரோதம் இல்லை என்று வழக்கைத் தள்ளியது. ஆனாலும் இந்த வித்தியாசத்தைச் சரிசெய்ய நடவடிக்கை எடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதையும் நீதிபதி சொன்னார். வழக்கில் தோற்றாலும் கேள்வி வென்றது.

2020 ஏப்ரலில் கொரோனா பிரிட்டனைப் புரட்டியெடுத்தபோது, அந்த நாட்டில் முதலில் உயிரிழந்த பத்து மருத்துவர்களும் சிறுபான்மை இனத்தவர்கள். அந்த வார்டுக்குள் போக அவர்களுக்குத் தகுதி போதுமானதாக இருந்தது.

இப்போது உதவி என்ற விஷயத்துக்கு வருகிறேன். அகதியாக வந்த ஒரு மருத்துவரை எடுத்துக்கொள்ளுங்கள். சிரியா, சூடான், ஆப்கானிஸ்தான் என்று எந்த நாடாகவும் இருக்கலாம். அடைக்கலம் கேட்டு மனு போட்டுக் காத்திருக்கும் காலத்தில் அவர் பொதுவாக வேலை செய்யக் கூடாது. ஓராண்டுக்கு மேல் முடிவு வராவிட்டால்தான் வேலைக்கு அனுமதி கேட்கவே முடியும். சான்றிதழ் குண்டு விழுந்த வீட்டில் போயிருக்கும். படித்த பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினால் பதில் வராது. தேர்வுக்குப் பணம் இல்லை. பணம் சேர்க்க டாக்ஸி ஓட்டினால் படிக்க நேரம் இல்லை. தேர்வில் தேறினாலும் "பிரிட்டனில் வேலை செய்த அனுபவம் இருக்கிறதா? இங்கே யாராவது உங்களுக்குப் பரிந்துரை எழுதுவார்களா?" என்று கேட்பார்கள். அனுபவம் இல்லாமல் வேலை இல்லை, வேலை இல்லாமல் அனுபவம் இல்லை. நம் வீட்டில் முதல் பட்டதாரியாக வந்தவர்களுக்கு இந்தச் சுழல் நன்றாகத் தெரியும்.

இந்தச் சுழலை உடைக்க முடியும் என்று காட்டியவர்கள் இருக்கிறார்கள். மான்செஸ்டருக்குப் பக்கத்தில் சால்ஃபோர்டில் 2003 முதல் ரீச் நார்த் வெஸ்ட் என்ற அமைப்பு அகதி மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பயிற்சி கொடுக்கிறது. அது செய்வதில் மாயமந்திரம் ஒன்றும் இல்லை. மருத்துவமனை ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த நாட்டு நோயாளியிடம் எப்படிப் பேசுவது, சக ஊழியரிடம் எப்படி மறுத்துப் பேசுவது என்று பழக்குகிறார்கள். தேர்வுக்குத் தயார் செய்கிறார்கள். மருத்துவமனைக்குள் மேற்பார்வையோடு வேலை பழக இடம் பிடித்துக் கொடுக்கிறார்கள். வேலை கிடைக்கும்வரை கூடவே நிற்கிறார்கள். ஒரு மாணவரைப் பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து மருத்துவராக்க ஐந்தாறு ஆண்டுகள் வேண்டும். ஏற்கெனவே மருத்துவராக இருப்பவரை அந்த நாட்டு முறைக்குப் பழக்க அதில் சிறு பகுதி போதும்.

அமெரிக்காவிலும் இப்படி நடந்திருக்கிறது. மினசோட்டா மாநிலம் 2015இல் வெளிநாட்டு மருத்துவர்களுக்கு உதவ அரசுத் திட்டமே தொடங்கியது, அங்கே அது முதல் முறை. டென்னஸி மாநிலம் 2023இல் சட்டம் இயற்றி, வெளிநாட்டில் முழுப் பயிற்சி முடித்தவர்கள் அமெரிக்கப் பயிற்சியை மறுபடி முதலிலிருந்து செய்யாமல், மேற்பார்வையின் கீழ்த் தற்காலிக உரிமத்தோடு வேலையைத் தொடங்க வழி திறந்தது. எங்கேயும் தேர்வைத் தூக்கி எறியவில்லை. தேர்வுக்குப் போகும் வழியைத்தான் செப்பனிட்டார்கள்.

செவிலியர்கள் பக்கம் இன்னொரு மாற்றம். என் ஆய்வுக்காக நான் பேசியவர்களில் ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்துச் செவிலியர். சென்னையில் ஆறு ஆண்டுகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர். ஏஜெண்டுக்குப் பல லட்சம் கட்டி இங்கிலாந்து போய், ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளராக இருந்தார். ஆங்கிலத் தேர்வில் எழுத்துப் பிரிவில் மட்டும் அரை மதிப்பெண் குறைந்துபோனது. "தம்பி, வென்டிலேட்டர் பார்த்த கை இது. இங்க ஒரு பாட்டிக்கு மூச்சுத் திணறல் வந்தா என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும். ஆனா நான் போன் பண்ணி நர்ஸைக் கூப்பிடணும்" என்றார். முதியவரைக் குளிப்பாட்டுவதும் டயப்பர் மாற்றுவதும் கீழான வேலை என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வது சாதியின் மொழி. உடம்பைத் தொடுவது தீட்டு என்று ஆதிக்க சாதிகள் ஒதுங்கியதால்தான் நம் நாட்டில் செவிலியர் வேலையே பெருமளவு கிறிஸ்தவப் பெண்கள் கைக்கு வந்தது. அவருடைய ஆதங்கம் வேறு. உயிர் காக்கத் தெரிந்த அறிவு, அந்த உயிருக்குப் பக்கத்திலேயே, பயன்படாமல் நிற்கிறது.

இப்படி நின்ற செவிலியர்கள் நிறைய. ஆங்கிலத்திலேயே நான்கு ஆண்டுகள் படித்து, ஆங்கிலம் பேசும் நாட்டில் தினமும் நோயாளிகளோடு பேசி வேலை செய்பவர்களுக்கு ஒரு தாளில் அரை மதிப்பெண் ஏன் சுவராக வேண்டும் என்று கேட்டார்கள். தொடர்ந்து கேட்டார்கள். 2023 பிப்ரவரியில் பிரிட்டனின் செவிலியர் மன்றம் விதியை மாற்றியது. ஆங்கில வழியில் படித்தவர்களுக்கும், தேர்வில் மிகச் சிறிய அளவில் தவறியவர்களுக்கும், அவர்கள் வேலை பார்க்கும் இடத்திலிருந்து மொழித்திறனுக்கு அத்தாட்சி கொடுக்கலாம் என்றது. இதனால் தரம் குறையவில்லை. மொழியை அது பயன்படும் இடத்தில் அளந்தார்கள். சரியான அளவுகோல் என்று நான் சொல்வது இதைத்தான்.

இரண்டு எதிர்வாதங்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். முதலாவது, உள்ளூரில் படித்தவர்களுக்கே இடம் இல்லையே என்பது. இது பொய்யான கவலை இல்லை. பிரிட்டனில் மேற்பயிற்சி இடங்களுக்கு இன்று கடும் போட்டி. 2025 ஜூலையில் வந்த அரசின் பத்தாண்டுத் திட்டம், உள்நாட்டில் படித்தவர்களுக்கு முன்னுரிமை என்று அறிவித்திருக்கிறது. பிளாப் தேறியும் வேலையில்லாமல் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு பக்கம் நோயாளிகள் மாதக்கணக்கில் வரிசையில் காத்திருக்க, மறுபக்கம் மருத்துவர்கள் வேலைக்குக் காத்திருந்தால், குறைவாக இருப்பது அரசு உருவாக்க வேண்டிய பணியிடம். இடத்தைக் குறைத்துவிட்டு, உள்ளூர்க்காரரையும் வந்தவரையும் மோத விடுவது பழைய உத்தி. இட ஒதுக்கீட்டில் நமக்குள்ளேயே அந்த உத்தியைப் பார்த்திருக்கிறோம்.

இரண்டாவது, ஏழை நாடுகளின் மருத்துவர்களைப் பணக்கார நாடுகள் உறிஞ்சுகின்றன என்பது. இதுவும் உண்மை. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2010இல் இந்த ஆள்சேர்ப்புக்கு நெறிமுறைகள் வகுத்தது. ஆட்பற்றாக்குறை உள்ள நாட்டுக்குப் போய் மருத்துவர்களை அள்ளிவருவதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் ஏற்கெனவே வந்து சேர்ந்து, திரும்பிப் போக முடியாமல் இருப்பவரை வேலை செய்ய விடாமல் வைத்திருப்பதால் எந்த ஏழை நாட்டுக்கும் பயன் இல்லை. அவருடைய அறிவு இரண்டு நாட்டுக்கும் இல்லாமல் போகிறது, அவ்வளவுதான்.

இனி நம்மைப் பற்றி. வெளிநாட்டில் பாகுபாட்டைச் சந்தித்த இந்திய மருத்துவர்களில் ஒரு பகுதியினர் ஆதிக்க சாதியினர். அங்கே "எங்கள் பட்டத்தைப் பார்த்து முடிவு செய், தோலைப் பார்க்காதே" என்று சரியாகவே கேட்டார்கள். ஆனால் அதே வட்டங்களில், ஊரில் இட ஒதுக்கீடு என்றதும் 'தகுதி போய்விடும்' என்ற குரலும் கேட்கிறது. 2006இல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை, இதர பிற்படுத்தப்பட்டோருக்கான இட ஒதுக்கீட்டுக்கு எதிரான போராட்டத்தின் மையமாக இருந்தது. அதே எய்ம்ஸில் பட்டியலின, பழங்குடி மாணவர்கள் விடுதியிலும் வகுப்பிலும் ஒதுக்கப்படுகிறார்கள் என்று 2007இல் தோரட் குழு அறிக்கை கொடுத்தது. மான்செஸ்டரில் தன்னைத் தவறாக அளக்கிறார்கள் என்று உணர்ந்தவர், டெல்லியில் தான் பிறரை எதை வைத்து அளக்கிறோம் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, நம் நாட்டுக் கதவு. 2022 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பாகிஸ்தானிலிருந்து துன்புறுத்தலால் வெளியேறி, 2014 டிசம்பர் 31க்குள் இந்தியா வந்து, குடியுரிமையும் பெற்ற சிறுபான்மை மத மருத்துவர்கள், ஒரு தேர்வு எழுதி இங்கே நிரந்தரப் பதிவு பெறலாம் என்றது. அது நல்ல அறிவிப்பு. கராச்சியிலோ ஹைதராபாத் சிந்துவிலோ மருத்துவராக இருந்தவர் குஜராத்தில் கடையில் கணக்கு எழுத வேண்டியதில்லை. நான் முழுமனதோடு வரவேற்கிறேன்.

ஆனால் நாட்டில் இருக்கும் அகதிகள் அவர்கள் மட்டும்தானா? 1983 முதல் கடல் தாண்டி வந்த ஈழத் தமிழர்கள் தமிழ்நாட்டின் நூற்றுக்கும் மேற்பட்ட மறுவாழ்வு முகாம்களில் இன்னும் இருக்கிறார்கள். 58 ஆயிரம் பேர் அளவில் முகாம்களில் மட்டும். அவர்களில் ஒரு பெரும் பகுதியினர் மலையகத் தமிழர்கள். இங்கிருந்து தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகப்பட்ட, பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதி மக்களின் பேரப்பிள்ளைகள். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்தவர்கள் நிறையப் பேர். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் நாட்டையும் மதத்தையும் பார்த்துப் பட்டியல் போட்டபோது இலங்கை அதில் இல்லை. குடியுரிமை இல்லாததால் அரசு வேலையின் கதவு மூடியிருக்கிறது. பட்டம் படித்த இளைஞர்கள் பெயின்ட் அடிக்கப் போகிறார்கள். செவிலியப் படிப்பு முடித்த ஒரு பெண், தன் முகாமுக்குப் பக்கத்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. லண்டன் கதவைப் பற்றிக் கோபப்படும் நாம், மண்டபத்துக் கதவைப் பற்றி எவ்வளவு பேசியிருக்கிறோம்?

அதனால் தோழர்களே, நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. மருத்துவத்தை அளக்கும் தேர்வு எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். அந்தத் தேர்வு வரை வந்து சேரப் பணமும் நேரமும் மொழிப் பயிற்சியும் கொடுப்பது அரசின் பொறுப்பாக இருக்கட்டும். காகிதம் தொலைந்தவருக்கு அவருடைய கையும் அறிவும் சாட்சியாக இருக்க வழி செய்யட்டும். மேற்பார்வையோடு வேலை பழகச் சம்பளம் உள்ள இடம் கொடுக்கட்டும். யார் தேறுகிறார்கள், யார் தேறவில்லை என்ற கணக்கை இனவாரியாக, சாதிவாரியாக வெளியிடட்டும். இவை லண்டனுக்கும் பொருந்தும், டெல்லிக்கும் பொருந்தும்.

இங்கே இருக்கும் செவிலிய மாணவிகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை. நீங்கள் போங்கள், உலகம் முழுவதும் போங்கள். போகும் முன் விதியைப் படியுங்கள், ஏஜெண்டை நம்பி லட்சங்களைக் கொட்டாதீர்கள். போன இடத்தில் தொழிற்சங்கத்தில் சேருங்கள். அங்கே உங்களுக்கு என்ன உரிமை கேட்கிறீர்களோ, அதை உங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் சூடான்காரருக்கும் கேளுங்கள். இங்கே மண்டபத்திலும் கும்மிடிப்பூண்டியிலும் நிற்பவருக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

இனி யாராவது 'தகுதி' என்றால் வாயடைத்துப் போகாதீர்கள். "சரி, அதை எதை வைத்து அளக்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.